இன்ஸ்பெக்‌ஷன் வாரம்

பாய்லர்க்காரரைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்று ஆளையே விழுங்கிவிட்டது. யாராவது சோதித்துப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், மனுஷன் எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கி வைத்துவிடுவார். வந்தவர் பார்த்து, பாராட்டி, வாசலைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அவர் வேலை பார்த்தது ஊர்க்கோடியில் இருந்த ஒரு பெரிய லாண்டிரியில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஹோட்டல் துண்டு, தலையணை உறை என்று லாரி லாரியாக அழுக்கு வந்து இறங்கும். அத்தனையையும் துவைக்க, உலர்த்த, தேய்க்க நீராவி வேண்டும். அந்த நீராவி பின்கட்டில் இருந்த பாய்லரிலிருந்து வந்தது. பாய்லருக்கு அவர்தான் ராஜா, மந்திரி, காவல்காரன் எல்லாம். அந்த அறைக்குள் பத்து நிமிஷம் நின்றால் சட்டை தொப்பலாகிவிடும். அவர் சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, சாயங்காலம் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு போட்டிருக்கும். கழிப்பறையோ முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பாய்லர் எரியும்போது ஆள் நகரக்கூடாது என்பது கட்டளை. அதனால் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். "உள்ள போனாத்தானே வெளிய வரும்" என்பார், என்னமோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

அவர் மனைவிக்கும் அதே லாண்டிரியில்தான் வேலை. சூடான உருளைக்குள் புகுந்து வெளியே வரும் விரிப்பை ஆளுக்கு ஒரு முனை பிடித்து, உதறி, மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. மடிப்பக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வாய் காதுவரை. அவள் பேச ஆரம்பித்தால் உருளை ஓடுகிற சத்தமே அடங்கிப் போகும் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். புருஷன் அதற்கு நேரெதிர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவார். தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த ஒரு வாரம் பாய்லர்க்காரரைப் பார்க்க வேண்டுமே! குழாயில் படிந்த சுண்ணாம்பைச் சுரண்டுவார். பிரஷர் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார். பித்தளையெல்லாம் தங்கமாகிவிடும். ஒழுகிக்கொண்டிருந்த வால்வைக் கழற்றிவிட்டு, பக்கத்து ஆலையிலிருந்து நல்ல வால்வை இரவல் வாங்கி மாட்டுவார். இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு பாய்லரை நான் பார்த்ததே இல்லைய்யா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார். மறுநாள் இரவல் வால்வு வந்த வழியே போய்விடும், பழைய வால்வு மறுபடி ஒழுக ஆரம்பிக்கும். இதைத் தப்பென்று ஒருவரும் நினைத்ததில்லை. மொத்த லாண்டிரியும் அப்படித்தான் ஓடியது. மடிப்புப் பிரிவிலும் யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் கிழிந்த விரிப்பெல்லாம் அடியில் போய்விடும், புதுசு மேலே வந்துவிடும். அந்த வேலையில் மடிப்பக்காவை மிஞ்ச ஆளில்லை.

இப்படி இருந்த மனுஷனுக்கு ஒரு நாள் தலைசுற்றல் வந்தது. தெருமுனை டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷர் ஜாஸ்தியா இருக்கே. தினமும் ஒரு மாத்திரை போடணும். உப்பைக் குறைங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க" என்றார். சொன்னது மூன்று விஷயம். பாய்லர்க்காரர் காதில் விழுந்தது கடைசி விஷயம் மட்டும்தான். அடடா, இதுவும் இன்ஸ்பெக்‌ஷன்தானா! அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு இன்ஸ்பெக்‌ஷன் வாரம் வந்தது. டாக்டரிடம் போக ஒரு வாரம் இருக்கும்போது அலமாரியிலிருந்து பிரஷர் மாத்திரை இறங்கும். மடிப்பக்கா சமையலில் உப்பு காணாமல் போகும். பாய்லர் அறையில் குனிந்து நிமிர்ந்து அவருக்கு முதுகு என்றைக்கோ போயிருந்தது. அதற்காக டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, மிட்டாய் மாதிரி வேளைக்கு ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்த வலி மாத்திரையும் அந்த வாரம் நிற்கும். வலியில் பல்லைக் கடித்துக்கொள்வார். போகிற அன்று லீவு போட்டுவிட்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு, அசையாமல் படுத்திருப்பார். மாலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டாக்டர் எதிரே போய் உட்கார்ந்தால் பிரஷர் அடங்கி ஒடுங்கிக் கிடக்கும்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேன் டாக்டர்."

"வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? வலி மாத்திரை, கடையில வாங்குற மருந்து?"

"சேச்சே."

"ஒண்ணுக்கு நல்லா போகுதா? கால் வீக்கம், நுரை, ஏதாவது?"

"எல்லாம் நல்லா இருக்கு டாக்டர்."

"வெரி குட்" என்பார் டாக்டர். வெளியே அத்தனை கூட்டம், அவரும் என்ன செய்வார், பாவம். வெரி குட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியில் பாய்லர்க்காரர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். மடிப்பக்காவுக்கும் உச்சி குளிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அலமாரியில் ஏறிவிடும், உப்பு மறுபடி குழம்பில் இறங்கிவிடும்.

ஒரு தடவை டாக்டர் சீட்டில் ஏதோ எழுதி நீட்டினார். "பிரஷர் இருக்கிறவங்களுக்கு கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும். ரத்தம் கொடுத்து இந்த டெஸ்டை எடுத்துட்டு வாங்க." பாய்லர்க்காரர் அந்தச் சீட்டை வீட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரஷரை அடக்கத் தெரியும். ஆனால் ரத்தத்தை எப்படித் துடைத்து வைப்பது? எத்தனை நாளைக்கு முன்னால் என்ன சாப்பிட வேண்டும், எதை விட வேண்டும்? லாண்டிரியில் நாலு பேரைக் கேட்டுப் பார்த்தார், யாருக்கும் தெரியவில்லை. தயார் செய்யாமல் சோதனைக்குப் போவதா என்று தள்ளிப்போட்டார். அடுத்த முறை டாக்டர் ஞாபகமாகக் கேட்டார். "எடுத்துட்டேன் டாக்டர், நல்லா இருக்குன்னு சொன்னாங்க. பேப்பர் வீட்ல இருக்கு" என்றார் மனுஷன், கூசாமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மடிப்பக்கா, ஊர் வாயையெல்லாம் அடைக்கிற மடிப்பக்கா, அன்றைக்குப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

நுரையை முதலில் பார்த்தது அவள்தான். கழிப்பறையைக் கழுவுகிறவளுக்குத் தெரியாதா? ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நின்றது. "என்னங்க, லாண்டிரி சோப்பெல்லாம் உங்க வயித்துக்குள்ளயே போயிடுச்சா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அவளே, "எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். "போடி, இதையெல்லாம் போய் வெளிய சொல்லிக்கிட்டு" என்று கூச்சப்பட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதன் பிறகு சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்தது. காலையில் முகம் உப்பியிருந்தது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது, வாயில் எந்நேரமும் துருப்பிடித்த இரும்பின் ருசி. வயசாகிறது, சூட்டு உடம்பு, தூக்கம் போதவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் கைவசம் இருந்தது. கடைசியில் ஒரு நாள் மத்தியானம் பாய்லர் அறையில் மூச்சு வாங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து தூக்கி, விரிப்பு ஏற்றி வந்த லாரியிலேயே போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே கிட்னிக்கென்று தனியாக ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன உருவம், பொறுமையான குரல். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். மூச்சுக்குத் தவித்துக்கொண்டு, மூக்கில் குழாயோடு கிடந்த நிலையிலும் பாய்லர்க்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "ஒண்ணும் இல்ல டாக்டர். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்." அப்போதுதான் மடிப்பக்காவுக்குப் பொறுக்க முடியாமல் போனது. "அய்யோ, இன்னுமா பொய்!" என்று கத்திவிட்டாள். மாத்திரை, உப்பு, வலி மாத்திரை, நுரை, எடுக்காத டெஸ்டு, தான் தலையாட்டியது வரை மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

ஸ்கேன் பார்த்த பிறகு டாக்டரம்மா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் நல்ல சேதியாக இருக்காது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு. இது இப்ப வந்ததில்லை, பல வருஷமா நடந்திருக்கு. பிரஷரும் அந்த வலி மாத்திரையும் சேர்ந்து செஞ்ச வேலை."

"எப்ப சரியாகும் டாக்டர்?" என்றார் பாய்லர்க்காரர்.

"சரியாகாதுங்க. இனிமே அது செய்ய வேண்டிய வேலையை மெஷின்தான் செய்யணும்."

"வலிக்கவே இல்லையே டாக்டர்" என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

"கிட்னி வலிச்சுக் காட்டாது. முக்கால்வாசி போற வரைக்கும் சத்தமே போடாது. ரத்தம், சிறுநீர், பிரஷர், இந்த மூணும்தான் முன்கூட்டியே சொல்லும். அதுவும் உள்ளபடி இருந்தாத்தான் சொல்லும். எங்களுக்கு நல்லா காட்டணும்னு யாரும் கேக்கலையே. இருக்கிறதைக் காட்டினா போதும்னுதானே கேட்டோம்." சொல்லிவிட்டு டாக்டரம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். மடிப்பக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றானது. நீளமான ஒரு அறை, வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மெஷின். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, உள்ளே வந்துகொண்டிருக்கும். முதல் நாள் அவர் மெஷினில் இருந்த பிரஷர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறினால் நர்ஸைக் கூப்பிடுவார், இறங்கினாலும் கூப்பிடுவார். "ஐயா, இது உங்க பாய்லர் இல்ல, கண்ணை மூடிப் படுங்க" என்று நர்ஸ் சிரித்தாள். முடிந்து எழுந்தால் கை கால் எல்லாம் வெலவெலத்துப் போகும். வேலை போயிற்று. எல்லாவற்றையும்விடக் கொடுமை தாகம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்திருந்தார்கள். குடித்தால் வெளியே போக வழியில்லை, உடம்பில் தேங்கி மூச்சை அடைக்கும். அந்தக் காலத்தில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்த மனுஷன், இப்போது ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு குழாயடியையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வருவாள்.

சில மாதம் போனதும் டாக்டரம்மா மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசினார். குடும்பத்தில் யாராவது ஒரு கிட்னி கொடுக்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், எத்தனை வருஷமாகும் என்று சொல்ல முடியாது. "இவர் இதயமும் கொஞ்சம் தளர்ந்திருக்கு. ரொம்ப நாள் காத்திருக்கிறது கஷ்டம்" என்றார். மகள் வேறு ஊரில், ஆறு மாதக் கர்ப்பிணி. அவர் தம்பி சர்க்கரை வியாதிக்காரர். மடிப்பக்கா யோசிக்கவே இல்லை. "இருக்கேனே நான்! ரெண்டுல ஒண்ணைக் கழட்டி மாட்டுங்க" என்றாள், என்னமோ காதிலிருந்து கம்மலைக் கழற்றுகிற மாதிரி. ரத்த வகை ஒத்துப்போனது. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய மனுஷனைத் திருப்பிக் கொண்டு வந்துவிடலாம். தலையாட்டியதற்கும் சேர்த்து ஈடு கட்டிவிடலாம்.

அவளுக்கு ஒரே ஒரு சிக்கல்தான். கொஞ்ச நாளாகவே பின்மண்டை விண் விண்ணென்று தெறித்தது. லாண்டிரியில் முதலுதவிக்கு வரும் நர்ஸ் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அக்கா, பிரஷர் எகிறிக் கிடக்கு, உடனே டாக்டரைப் பாருங்க" என்று சொல்லியிருந்தாள். நின்று நின்று மூட்டு வலி வேறு. அதற்கு அவளும் புருஷன் வைத்திருந்த வலி மாத்திரையைத்தான் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் சொன்னால் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எந்த இன்ஸ்பெக்‌ஷனில் அவள் தோற்றிருக்கிறாள்?

டாக்டரம்மா அவளைத் தனியாக உட்காரவைத்து எவ்வளவோ சொன்னார். "கொடுக்கிறவங்க உடம்பு கெடக்கூடாது, அதுதான் எங்களுக்கு முதல் விஷயம். ஒரு கிட்னியை வெச்சுக்கிட்டு நீங்க ஆயுசு பூரா இருக்கணும். பிரஷர் உண்டா? ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"எனக்கென்ன டாக்டர், கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் மடிப்பக்கா.

கடைசிக்கட்டச் சோதனைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். தன் தட்டில் உப்பு இல்லை. மூட்டு வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அலமாரியில் அவருக்கென்று வாங்கி மிச்சமிருந்த பழைய பிரஷர் மாத்திரையை எடுத்து, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று முழுங்கினாள். அவர் பார்க்காதபோது செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள், தாகத்தில் கிடக்கிற மனுஷன் எதிரே குடிக்க மனசு வராமல். முந்தின நாள் லீவு போட்டுவிட்டு, "சும்மா அசதியா இருக்குங்க" என்று படுத்துவிட்டாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாத மனுஷன்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

சோதனை அன்று பிரஷர் அடங்கி இருந்தது. சிறுநீர் தண்ணீர் மாதிரி வந்தது. டாக்டரம்மா இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்தார். "எல்லாம் பரவாயில்லைன்னுதான் தோணுது. இன்னும் ரெண்டு சோதனை பாக்கி. கடைசியா ஒரு தடவை கேக்குறேன் அம்மா, நீங்க எதையும் மறைக்கலையே?"

"இல்லவே இல்ல டாக்டர்."

பாய்லர்க்காரர் தொண்டையைச் செருமினார். "இவ பொய் சொல்றா டாக்டர்."

மடிப்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க!" என்று அவர் தொடையில் கிள்ளினாள். அவர் அவள் கையைப் பிடித்து நகர்த்தி வைத்தார்.

"இவளுக்குப் பிரஷர் இருக்கு. பின்மண்டைய அமுக்கி அமுக்கி விட்டுக்கிறா. என்னோட பழைய மாத்திரையத்தான் எடுத்துப் போடுறா, அட்டை குறைஞ்சிருக்கு. மூட்டு வலிக்கு நான் சாப்பிட்ட அதே மாத்திரையத்தான் இவளும் சாப்பிட்டா, எனக்குத் தெரிஞ்சு பல வருஷமா. ஒரு வாரமா அதை நிறுத்திட்டு நொண்டுறா. உப்பு போட்டுக்கல. தண்ணிய ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிக்கிறா. நேத்து பூரா படுத்தே கிடந்தா."

"வாய மூடுங்க" என்றாள் அவள்.

"போன மாசம் இவ பாத்ரூம் போயிட்டு வந்ததும் நான் போய்ப் பாத்தேன் டாக்டர். நுரை நிக்குது. எனக்கு நின்ன மாதிரியே." அதுவரை தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "இந்த வித்தைய இவ என்கிட்டதான் கத்துக்கிட்டா. இவகிட்ட எடுத்துடாதீங்க டாக்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். பாவி மனுஷன், தன் உயிருக்காக ஒரு தடவை அந்த வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மடிப்பக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமில்லாமல், ஒரு வாரம் எப்போதும் போல இருந்துவிட்டு வரச் சொன்னார். எடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, வழக்கம் போலத் தின்றுவிட்டு, வேலைக்குப் போய்விட்டு, எந்த ஏற்பாடும் இல்லாமல். அப்படி வந்தபோது பிரஷர் எங்கேயோ உச்சியில் நின்றது. சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. "உங்க கிட்னியிலயும் ஆரம்பிச்சிருக்கு அம்மா. ஆனா இப்பத்தான் ஆரம்பம். பிரஷரை ஒழுங்கா வெச்சுக்கிட்டு, வலி மாத்திரையை அடியோட விட்டா, ரொம்ப வருஷம் காப்பாத்திடலாம். இதுல ஒண்ணை எடுத்தா நாளைக்கு நீங்களும் அந்தக் கட்டில்ல வந்து படுக்க வேண்டியதுதான். எங்களால எடுக்க முடியாது." சர்க்கரை இருப்பதால் தம்பியையும் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வேறு ஆள் இல்லை.

வெளியே வராந்தாவில், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் அவள் அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். "உங்களை யார் கேட்டா? நான் கேட்டேனா? எல்லா டாக்டர்கிட்டயும் ஊமையா இருந்தீங்களே, இங்க மட்டும் எங்கேருந்து வந்துச்சு வாய்? உங்களைப் பொழைக்க வைக்க எனக்கு இருந்தது இது ஒண்ணுதானே!" அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவள் குலுக்கக் குலுக்க ஆடிக்கொண்டு நின்றார். அவ்வளவு இளைத்துப் போயிருந்தார்.

வீட்டில் பேச்சு நின்றது. சமைத்து வைப்பாள், துணி எடுத்து வைப்பாள், டயாலிசிஸுக்குக் கூடவே போவாள். முகம் கொடுத்துப் பேச மாட்டாள். பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, தான் தள்ளிப்போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். மடிப்புப் பிரிவில் அவள் சத்தம் கேட்காமல், என்னமோ ஏதோ என்று எல்லோரும் பயந்துபோனார்கள். மகள் போன் செய்து அழுதாள். அதற்கும் ம், ம் என்பதோடு சரி.

ஒரு நாள் டயாலிசிஸ் அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி ஏற்றிய கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மறு கையால் அவர் அவள் முந்தானையை மெல்ல இழுத்தார்.

"மாத்திரை போட்டியா?"

அவள் கைப்பையிலிருந்து தன் மாத்திரையை எடுத்து, அவர் எதிரிலேயே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் அவள் தொண்டையில் இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கோவமா?"

"ஆமா. சாகுற வரைக்கும் போகாது."

"யாரு சாகுற வரைக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அந்தக் கோடியில் இருந்த நர்ஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அவர் அவள் பின்மண்டையை அமுக்கிவிட்டார், வலிக்கிற இடம் எது என்று நன்றாகத் தெரிந்தவர் மாதிரி.

"நீ இரு" என்றார். "பொண்ணுக்குக் குழந்தை பொறக்கப் போகுது. ரெண்டு பேரும் போயிட்டா அவ யார்கிட்ட போவா?"

"நீங்களும் இருந்திருக்கலாமே. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா இருந்திருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றார் பாய்லர்க்காரர்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வருஷம்கூட முழுசாக இருக்கவில்லை. பேரனை மடியில் வைத்துப் பார்த்துவிட்டார், அதுவரைக்கும் இதயம் தாங்கியது. மடிப்பக்கா இப்போதும் வேலைக்குப் போகிறாள், மூட்டு வலியோடுதான். தினமும் மாத்திரை போடுகிறாள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எந்த ஏற்பாடும் இல்லாமல் டாக்டரம்மாவைப் போய்ப் பார்க்கிறாள். போன தடவை டாக்டரம்மா ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, உங்க கிட்னி நல்லா வேலை செய்யுது, போன வருஷம் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு என்று சந்தோஷமாகச் சொன்னார். அதைக் கேட்டு மடிப்பக்கா அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, வாய்விட்டு அழுதாள்.